நயினாதீவுச் சாசனமும் கணினியின் வழுச்செய்தியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்ச் சாசனங்களுள் அளவாற் சிறியதாயினும் பயனாற் பெரியதொன்று நயினாதீவில் உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த கட்டளை அது. நாகபூஷணி அம்மன் கோயிலிலே கல்லிற் பொறிக்கப்பட்டுக் காணப்படுகின்றது. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிலே அதனைப் பதிப்பித்துப் பொருள் விளக்கினார். சாசனத்தின் முற்பகுதி சிதைந்துபோயிற்று. எஞ்சிய பகுதியின் பொருளோ தெளிவானது.

ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பிறநாட்டு வணிகர் வந்து தங்குதல் வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படுதல் வேண்டும். பல துறைகளிலும் உள்ள பிறநாட்டார் இத்துறையிலே வந்து கூடுதல் வேண்டும். மன்னனுக்கு ஆனை குதிரைகளில் விருப்பமுண்டு. ஆதலால் அவற்றை ஏற்றிவந்த மரக்கலம் கெடுமாயின் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் எடுத்து, மூன்று பங்கை உடையவனுக்கு விட்டுவிடும். வாணிபப் பண்டம் ஏற்றிய மரக்கலம் கெடுமாயின் பண்டாரத்துக்குச் சரிபாதி, உடையவனுக்குச் சரிபாதி. இவ்வொழுங்கு ஞாயிறும் திங்களும் உள்ளவரை நிலைக்குமாறு கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது. கட்டளை கூறுவது இவ்வளவே.

இதனை வணிக வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வதே வழக்கம். ஆனைகளை ஏற்றுமதி செய்த ஈழம் அவற்றை ஏன் வருவித்தது என்பதும், கரையோரத் துறைமுகங்களிலே பொலன்னறுவை அரசின் அதிகாரம் எவ்வாறு செல்லுபடியாயிற்று என்பதும் அவ்வழியில் எழும் வினாக்கள். ஊர்காவற்றுறைக்கும் ஆனைக்கும் இருந்த தொடர்பு அத்துடன் அற்றுவிடவில்லை. போர்த்துக்கேயர் அவ்விடத்தை ஆனைத்துறை என்னும் பொருள்படத் தம்மொழியில் வழங்கியதிலிருந்தே ஆங்கிலத்தில் இன்று வழங்கும் கயிற்ஸ் என்னும் பெயர் வந்தது. ஆயினும் சாசனத்தை வேறொரு கோணத்திலும் நோக்கலாம். அது ஒரு செய்தி. தொழில் கெட்டுப்போன வேளையில், கெட்டவனுக்குச் சொல்லப்படும் செய்தி. அவ்வகையில் அதன் அமைப்பு எத்தகையது?

நிகழக்கூடியதை அது முதலிற் கூறுகின்றது: மரக்கலம் கெடுதல். அடுத்து, நிகழ்ந்தால் நடக்கப்போவதைப் பங்கின் அளவோடு கூறுகின்றது. ஒரு வகைக் கலத்துக்கும் மற்றொரு வகைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்குக் காரணமும் காட்டுகின்றது. அரசர் கட்டளைகளிற் காரணம் கூறும் வழக்கம் மிகுதியாக இல்லை. இங்கே அது அரை வரியில் அமைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொலன்னறுவை மன்னன் இதனைத் தமிழிலே எழுதுவித்தான். அரசின் மொழி எதுவென்று பாராமல், கலத்துக்கு உடையவன் அறிந்த மொழி எதுவென்று பார்த்து எழுதிய சாசனம் இது எனலாம்.

கட்டளையிற் கருணை மிகுதி என்று கொள்ளுதல் தவறு. கலத்தை இழந்த வணிகன் கரையொதுங்கிய பொருளிலும் பாதியை இழக்கின்றான். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் அளித்த அபயசாசனம் இதனினும் தாராளமானது. புயலாற் கெட்ட கலங்களின் பொருளை முன்னைய மன்னர் முற்றாகப் பறித்தனர் என்றும், தான் உரிய சுங்கத்தை மாத்திரம் கொண்டு எஞ்சியதை உடையவர்க்கே விடுவதாகவும் அவன் அறிவித்தான். பராக்கிரமபாகுவின் விதி கடுமையானது. ஆனால் ஐயத்துக்கு இடம் வைக்காதது. கடலில் இறங்குமுன்பே வணிகன் தன் இழப்பைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இச்சுருக்கத்தின் அருமை சோழர் சாசனங்களை அருகில் வைத்து நோக்கும்போது புலனாகும். முதலாம் இராசராசன் (985–1014) காலத்திலிருந்து சோழ அரசரின் சாசனங்கள் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும் வழக்கம் நிலைபெற்றது. அவன் மகன் இராசேந்திரனது மெய்க்கீர்த்தி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, கங்கைக்கரை வெற்றியையும் கடல்கடந்த கடார வெற்றியையும் அடுக்கிச் செல்லும். வரலாற்று மாணவனுக்கு அது பெருஞ்செல்வம். ஆனால் அக்கல்லின் முன் நின்ற ஊரவன் ஒருவன், தன் நிலத்துக்கு இறை உண்டா இல்லையா என அறிய, அவ்வளவு வெற்றிகளையும் கடந்தே வரவேண்டியிருந்தது. சொற்கள் யாவும் உண்மையே. அவ்வேளையில் அவனுக்கு வேண்டியவை அல்ல.

கணினித் துறையினர் சென்ற ஐம்பது ஆண்டுகளாக இதே சிக்கலோடு போராடி வருகின்றனர். அவ்வரலாறு தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. மனிதர் எழுதும் மூலநிரல் பல கோப்புகளாய்க் கிடக்கும். அவற்றைத் தொகுப்பான் என்னும் செய்நிரல் ஒவ்வொன்றாகப் பொறிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும். பின்னர் அவை யாவும் இணைக்கப்பட்டு ஒரு முழுமையான செய்நிரல் உருவாகும். எந்தக் கோப்பை எப்போது மாற்றுவது, எதனை எதன்பின் இணைப்பது என்பவற்றைக் கவனித்துக்கொள்ளும் மேற்பார்வையாளனே கட்டமைப்புக் கருவி. திரையிலே ஒரு கட்டளை வரியைத் தட்டச்சிட்டு அதனை இயக்குவர். கருவி தன் செயல்களை வரிவரியாக எழுதிக்காட்டும். அவ்வாறு எழுதிக்காட்டுவதிலே எவ்வளவு சொல்வது, எதைச் சொல்வது என்பதே சிக்கல்.

இக்கருவிகளுக்கு முன்னோடியான மேக் 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே ஸ்ருவாட் பெல்ட்மன் என்பவரால் ஆக்கப்பட்டது. அதன் பிறப்புக்கு ஒரு வீணான காலைப்பொழுதே காரணம். அவருடைய தோழர் ஸ்ரீவ் ஜோன்சன் ஒருநாள் சினத்தோடு அவர் அறைக்கு வந்தார். வழுவைத் திருத்திவிட்ட செய்நிரலிலே மேலும் வழுவைத் தேடி அக்காலைப்பொழுதை அவர் கழித்திருந்தார். திருத்திய கோப்பை மீளத் தொகுக்க மறந்தமையே குற்றம். பழைய வடிவமே ஓடிக்கொண்டிருந்தது. மறதிக்கு மருந்தாக வந்த இக்கருவிக்காகக் கணினியியலாளர் சங்கம் 2003ஆம் ஆண்டு பெல்ட்மனுக்கு விருதளித்தது.

மேக் எந்தக் கட்டளையை இயக்கினாலும் முதலில் அக்கட்டளையை அப்படியே அச்சிட்டுக் காட்டும். செயல் பத்துப்பதினைந்து வரிகளில் முடிந்த காலத்தில் அது நல்ல வழக்கமே. வேண்டாதபோது அதனை அடக்குவதற்கும் வழி இருந்தது. ஆனால் இயல்பான நிலை பேசுவது, அடங்கியிருப்பது விதிவிலக்கு. யுனிக்ஸ் உலகின் மற்றக் கருவிகள் பலவற்றின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்கே வெற்றி பெற்ற செய்நிரல் வாய் திறப்பதில்லை. அவ்வுலகின் மூத்தவருள் ஒருவரான டக்ளஸ் மக்கில்ரோய் 1978ஆம் ஆண்டு, வெளியீட்டிலே தேவையற்ற தகவலைக் குவித்தல் ஆகாது என்பதைக் கொள்கையாகவே எழுதினார். ஒரு செய்நிரலின் வெளியீடு வேறொன்றின் உள்ளீடாகும் என்பது அவர் காட்டிய காரணம். அந்நாளைய தொலைத்தட்டச்சுப் பொறி செக்கனுக்குப் பத்து எழுத்துகளையே அச்சிட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று. ஒரு வரியை வாசிக்க எட்டு செக்கன் காத்திருந்தவர் சொற்செட்டின் அருமையை அறிந்திருந்தார்.

ஆயினும் சுருக்கம் தன்னளவில் உதவியாகிவிடாது. கென் தொம்சன் ஆக்கிய எட் என்னும் பதிப்பி இதற்குச் சான்று. பயனர் எப்பிழை செய்தாலும் அதன் விடை ஒரே ஒரு கேள்விக்குறி. அதனினும் சுருங்கிய வழுச்செய்தியைக் கற்பனை செய்தல் அரிது. தொம்சனின் மோட்டார் வண்டியிலே எண்ணெய்க்கோ வெப்பத்துக்கோ அளவுகாட்டி இல்லை, ஏதேனும் கெட்டால் நடுவே பெரியதொரு கேள்விக்குறி ஒளிரும், அனுபவமுள்ள சாரதிக்கு அது போதும் என்றொரு வேடிக்கைக் கதை அக்காலத்தில் வழங்கிற்று. ஊர்காவற்றுறைக் கரையிலே கலத்தை இழந்து நிற்பவனுக்குச் சுங்கக்காரன் ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டியிருந்தால் எவ்வாறிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். பின்னர் அப்பதிப்பியில், கேட்டால் மாத்திரம் விளக்கம் தரும் ஒரு கட்டளை இடம்பெற்றது.

மறுகோடியில் நின்றவை பல்கலைக்கழகத் தொகுப்பான்கள். துளையட்டைகளை ஒப்படைத்துவிட்டு மாணவர் மணிக்கணக்கிற் காத்திருந்த காலம் அது. ஓர் ஓட்டத்திலே ஒரு பிழையை மட்டும் அறிந்தால் ஒரு பயிற்சியை முடிக்க ஒரு வாரம் செல்லும். ஆகையால் 1970களின் தொடக்கத்திலே கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட தொகுப்பான் ஒன்று, பிழையைச் சுட்டியதோடு அமையாது, எழுதியவன் எண்ணியதை ஊகித்துத் தானே திருத்தி, எப்படியாவது ஓட்டத்தை நடத்தி முடிக்க முயன்றது. ஊகம் பிழைத்த இடங்களிலே மாணவன் எழுதாத ஒன்றைக் கணினி ஓட்டிக்காட்டியது. இருப்பினும், வழுச்செய்தி என்பது கற்பித்தலின் ஒரு பகுதி என்னும் எண்ணம் இங்கேதான் வேரூன்றியது. 1982இல் பென் ஷ்னைடர்மன் வழுச்செய்திகளின் சொல்லமைப்பையே ஆய்வுப் பொருளாக்கினார். பயனரைக் குற்றஞ்சாட்டும் தொனியும் பொதுப்படையான சொற்களும் வேலையைக் கெடுக்கின்றன என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு பி. ஜே. பிறவுண், மனிதனுக்கும் பொறிக்கும் இடையிலான உறவிலே வழுச்செய்தி புறக்கணிக்கப்பட்ட துறை என எழுதினார். இருவரும் கூறியவை நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றன.

இதற்கிடையிலே செய்நிரல்கள் பெருத்தன. பத்துக் கோப்புகள் ஆயிரமாயின. ஒவ்வொரு தொகுப்புக் கட்டளையும் நீண்டு, திரையில் நாலைந்து வரிகளை நிரப்பிற்று. கருவியோ பழைய வழக்கப்படி ஒவ்வொன்றையும் அச்சிட்டுக்கொண்டேயிருந்தது. எச்சரிக்கை ஒன்று நடுவிலே தோன்றினால், அது கண்ணிற் படுமுன்பே மேலே ஓடி மறைந்துவிடும். காலப்போக்கில் நிரலாளர் எச்சரிக்கைகளை வாசிக்காதிருக்கப் பழகிக்கொண்டனர். மெய்க்கீர்த்தியைத் தாண்டிச் செல்லும் கண் அதன்பின் வரும் கட்டளையையும் தாண்டிச் செல்வதுபோன்ற நிலை அது.

இவ்வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதைக் காட்டிய நிகழ்ச்சி கட்டமைப்புக் கருவிகளோடு நேரடித் தொடர்பற்றது. 1979 மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. முதற் சில நிமிடங்களிலே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. இன்றியமையாதவற்றை ஏனையவற்றிலிருந்து பிரித்தறிய வழியிருக்கவில்லை. எச்சரிக்கைகளை அச்சிட்ட பொறி நிகழ்வுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பின்தங்கிற்று. இன்னொன்றும் நோக்கற்பாலது. திறந்தபடி சிக்கிக்கொண்ட வால்வு ஒன்று மூடப்பட்டுவிட்டதாகப் பணியாளர் நம்பினர். அவர்கள் கண்ட விளக்கு, வால்வு மூடியதைக் காட்டவில்லை. மூடு என்னும் கட்டளை அனுப்பப்பட்டதை மட்டுமே காட்டியது. இயக்கும் கட்டளையை அச்சிட்டு அதன் விளைவைப் பற்றி வாளாவிருக்கும் கருவியின் குறையும் இதுவே. கட்டளை பிறந்தது என்பது வேறு. காரியம் நடந்தது என்பது வேறு.

திருத்தம் மெல்ல வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் 2003 டிசெம்பரில் வெளியான 2.6ஆம் பதிப்பில், கட்டமைக்கும்போது ஒரு கோப்புக்கு ஒரு குறுவரி என்னும் முறையை இயல்பாக்கிற்று: செயலின் பெயர் இரண்டு மூன்று எழுத்துகளில், அருகே கோப்பின் பெயர். முழுக் கட்டளையையும் காண விரும்புவோர்க்கு ஒரு தெரிவு உண்டு. எச்சரிக்கை தோன்றினால் அமைதியான பட்டியலின் நடுவே அது தனித்துத் தெரிந்தது. 2009ஆம் ஆண்டு ஓட்டோமேக் என்னும் கருவியின் 1.11ஆம் பதிப்பு இவ்வசதியை ஏனைய செய்நிரல்களுக்கும் வழங்கிற்று.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது, அது நியாயமற்றதன்று. டெபியன் என்னும் வழங்கலை ஆக்குவோர் கட்டமைப்பு இயன்றவரை விரிவாகப் பேசவேண்டும் என்பதையே விதியாகக் கொண்டுள்ளனர். அவர்களுடைய பொதிகளை ஆளில்லாத கணினிகள் எங்கோ இரவுபகலாகக் கட்டமைக்கின்றன. அங்கே ஒன்று கெட்டால் அருகிருந்து மீண்டும் இயக்கிப் பார்க்க எவருமில்லை. பதிவேடு ஒன்றே சான்று. பாதுகாப்புக்குரிய தெரிவுகள் யாவும் உரியவாறு இடப்பட்டனவா என்று சோதிக்கும் செய்நிரலுக்கும் முழுக் கட்டளையே வேண்டும். திரையின்முன் இருப்பவனுக்குச் சுமையானது, பின்னர் ஆராய்பவனுக்குச் செல்வமாகின்றது. மெய்க்கீர்த்தி வரலாற்று மாணவனுக்குச் செல்வமானதும் இவ்வாறே. ஆதலால் விரிவை அழிப்பதன்று, அதனை வேறிடத்தில் வைப்பதே தீர்வு. திரைக்குச் சுருக்கமும் கோப்புக்கு விரிவும் எனப் பிரித்துக்கொண்ட கருவிகளே இவ்வழக்கை ஓரளவு தீர்த்தன. பராக்கிரமபாகுவின் கட்டளையும் கல், செம்பு என இரு பொருள்களில் வெட்டப்பட்டதாகவே கூறுகின்றது. நமக்குக் கிடைத்தது கல் மட்டுமே.

கணினிகள் பல வேலைகளை ஒருங்கே செய்யத் தொடங்கியபோது வேறொரு குழப்பம் எழுந்தது. எட்டுத் தொகுப்பான்கள் ஒரே வேளையில் ஓடினால் எட்டின் சொற்களும் ஒன்றோடொன்று கலந்து வரும். ஒன்றன் வழுச்செய்தியின் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையே வேறொன்றன் கூற்று புகுந்துவிடும். கூகிள் நிறுவனத்தில் குறோம் உலாவிக்காக எவன் மார்ட்டின் ஆக்கி 2012இல் முதலாம் பதிப்பாக வந்த நிஞ்ஞா என்னும் கருவி இதற்கு எளிய விடை கண்டது. ஒவ்வொரு வேலையின் கூற்றையும் அவ்வேலை முடியும்வரை தேக்கிவைத்து, பின் சேர்த்து வெளியிடும். வேலைகள் இடர்ப்பாடின்றி நடக்கும்வரை திரையில் ஒரே ஒரு வரி. மொத்தம் இத்தனையில் இத்தனை முடிந்தன என்னும் கணக்கு அவ்வரியிலேயே மாறிக்கொண்டிருக்கும். ஒன்று தவறினால் மட்டுமே தவறிய கட்டளை முழுவதும், அதன் வழுச்செய்தியும் தோன்றும். மேக் கருவியின் குனூ வடிவமும் 2013ஆம் ஆண்டு 4.0ஆம் பதிப்பிலே வெளியீட்டை ஒழுங்குசெய்யும் தெரிவொன்றைச் சேர்த்துக்கொண்டது.

இவையெல்லாம் எவ்வளவு பேசுவது என்பது பற்றியவை. எதைப் பேசுவது என்பதில் மாற்றத்தைத் தொடக்கியவை தொகுப்பான்கள். முன்னர் ஒரு நிறுத்தக்குறி விடுபட்டாற் போதும். அதன் விளைவாக அடுத்தடுத்த வரிகளிலே நூறு வழுக்கள் முளைக்கும். தொண்ணூற்றொன்பது பொய், முதலாவது மெய். அதனை அறியாத புதுமாணவன் கடைசியில் நிற்பதைத் திருத்தத் தொடங்குவான், ஏனெனில் திரையில் அதுவே எஞ்சி நிற்கும். பிழை தன்னுடைய அறியாமையென்று எண்ணி அத்துறையையே கைவிட்டவரும் உளர். 2007ஆம் ஆண்டு மூலநிரலோடு வெளியிடப்பட்ட கிளாங் என்னும் தொகுப்பான், வழு நேர்ந்த வரியை அப்படியே காட்டி, உரிய எழுத்தின்கீழ் ஓர் அம்புக்குறியை இட்டு, இயன்றவிடத்துத் திருத்தத்தையும் எழுதிக்காட்டிற்று. போட்டியினாற் போலும், பழைய குனூத் தொகுப்பானும் 2013இல் அவ்வம்புக்குறியையும் 2014இல் நிறத்தையும் ஏற்றுக்கொண்டது. எல்ம் என்னும் சிறிய மொழியை ஆக்கிய எவன் சப்ளிக்கி 2015இல் வழுச்செய்தியை முழு வாக்கியங்களால், ஆசிரியர் அருகிருந்து கூறுமாப்போல அமைத்தார். ரஸ்ட் மொழியினர் அதனை உதாரணமாகக் கொண்டு அடுத்த ஆண்டே தம் வழுச்செய்திகளை மாற்றியமைத்தனர்.

இங்கே ஓர் உண்மை தெளிவாகின்றது. இப்புதிய வழுச்செய்திகள் பழையனவற்றிலும் நீளமானவை. குறைந்தவை சொற்களல்ல, பொருந்தாத சொற்களே. காரியம் நடக்கும்வரை மௌனம், கெட்டவிடத்தில் தாராளம் என்னும் பங்கீடே அவற்றைச் சுருக்கமாகத் தோன்றச் செய்கின்றது.

மேக் கருவியின் வரலாற்றிலேயே இதற்கு எளிய சான்றுண்டு. அதன் விதிக்கோப்பிலே கட்டளை வரி ஒவ்வொன்றும் தாவல் குறியுடன் தொடங்கவேண்டும். வெற்றிடங்கள் இட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இது சங்கடமான விதியென்பதை பெல்ட்மன் விரைவில் உணர்ந்தார். ஆனால் அதற்குள் பன்னிருவரளவிற் பயனர் சேர்ந்துவிட்டனர். அவர்களுக்கு இடைஞ்சல் விளைவிக்க மனமின்றி விதியை விட்டுவிட்டார். பன்னிருவருக்காக விடப்பட்ட விதி பல தலைமுறை மாணவரை வருத்திற்று. வெற்றிடம் இட்டவனுக்குக் கிடைத்த செய்தி, பிரிப்பான் இல்லை, நிறுத்தம் என்பதே. அது பொய்யன்று, கருவியின் உள்ளமைப்பை அறிந்தவனுக்குப் பொருளுடையது. மற்றவனுக்கு எந்தப் பிரிப்பான், எதற்கு என்றே விளங்காது. பின்னர் குனூ வடிவத்தினர் அச்செய்தியோடு ஒரு வினாவைச் சேர்த்தனர்: எட்டு வெற்றிடங்களுக்குப் பதிலாகத் தாவலை எண்ணினீரோ என்று. செய்தி நீண்டது, வருத்தம் குறைந்தது. அது வினாவாக அமைந்தமையும் கவனத்துக்குரியது. கோர்ணெல் தொகுப்பான் தானே திருத்தியது. இது கேட்டுவிட்டு நிற்கின்றது. எண்ணியது எதுவென்று அறிந்தவன் எழுதியவன் ஒருவனே.

எஞ்சியிருப்பது மொழி. 1911ஆம் ஆண்டு காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிச் சாசனத்தை இவ்விடத்து நினைத்தல் தகும். சீனக் கடற்படைத் தலைவன் செங்கோவின் வருகையோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளிலும் எழுதப்பட்ட அதிலே, காணிக்கைகள் பெரும்பாலும் ஒத்திருக்க, காணிக்கை பெறுபவர் மட்டும் மாறுகின்றனர். சீனத்தில் புத்தர், தமிழிலே தென்னாவர நாயனார், பாரசீகத்தில் இசுலாமிய மரபு. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பன்று. வாசிப்பவன் யாரென்று அறிந்து எழுதியது.

கணினிச் செய்திகளைப் பிறமொழிகளில் வழங்கும் ஏற்பாடு 1990களில் வலுப்பெற்றது. செய்நிரலின் கூற்றுகளைத் தனிக் கோப்பிலே தொகுத்து, மொழிக்கு ஒன்றாக மாற்றியெழுதும் முறை அது. அதன்வழியே திரைப்பட்டியல்களும் பொத்தான்களும் தன்னார்வலரின் உழைப்பாலே தமிழாகின. முத்தையா அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் நிரல்மொழி, தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுத வழிசெய்தது. ஆனால் கட்டமைப்புக் கருவிகளின் வழுச்செய்திகளைத் தமிழாக்குவோர்க்கு ஒரு தடை உண்டு. ஆங்கிலச் செய்தியை அப்படியே படியெடுத்துத் தேடினால் அதே இடருக்கு உள்ளானவர் எழுதிய தீர்வு கிடைக்கும். தமிழ்ச் செய்தியைத் தேடினால் கிடைப்பது அரிது. எனவே மொழிபெயர்ப்பே வேண்டாம் என்பார் பலர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு; ஆயினும் அது இன்றைய நிலையைக் கூறுவதன்றி என்றுமுள்ள விதியைக் கூறுவதன்று. ஊராத்துறைக்கு வந்த வணிகர் பொலன்னறுவையின் மொழியைக் கற்றபின் வரட்டும் என்று மன்னன் எண்ணியிருந்தால் அத்துறையில் அவர்கள் கூடியிருப்பரோ என்பது ஐயமே.

தடைக்கு மாற்றும் இல்லாமலில்லை. ரஸ்ட் தொகுப்பான் ஒவ்வொரு வழுவகைக்கும் ஓர் எண் இட்டுள்ளது. ஒரு வகை மதிப்பை எதிர்பார்த்த இடத்தில் வேறு வகை வந்தால் 0308 என்னும் எண் தோன்றும். அவ்வெண்ணைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்டால், வழுவின் காரணத்தையும் திருத்திய வடிவத்தையும் உதாரணத்தோடு அதே முனையத்தில் அது எழுதிக்காட்டும். எண் எல்லா மொழியிலும் ஒன்றே. அதனைக் கொண்டு உலகெங்கும் தேடலாம். அருகிலுள்ள விளக்கத்தைத் தமிழில் எழுதுவதற்கு அதனால் இடையூறில்லை. அவ்விளக்கங்கள் சில நூறு. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள் அடங்குபவை. கணினியியலும் தமிழும் ஒருங்கே கற்பிக்கப்படும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சிலர் ஓரிரு தவணைகளிற் செய்து முடிக்கத்தக்க வேலை அது.